சங்கிலியும் சந்தேகமும்

இலக்கிய ஆராய்ச்சியும் ஒழுக்க விசாரமும் நிறைந்து வரும் இச்சஞ்சிகையின் தமிழ்ப் பகுதியிலே, மோட்டார் சைக்கிளின் சங்கிலியைப் பற்றி யாம் எழுதப் புகுவது சிலர்க்கு நகை விளைத்தல் கூடும். எண்ணெய்க் கறை படிந்த இவ்விஷயத்தில் தமிழ் கற்பிப்போர்க்கு யாது வேலை என்று வினவுவோரும் உளர். அவர் வினாவில் நியாயம் உண்டு. ஆயினும் சென்ற ஆடித் திங்களில் எமக்கு நேர்ந்ததொரு சங்கடம், சங்கிலியில் தொடங்கி, முதியவர் ஒருவருடைய நற்பெயரில் சென்று முடிந்தது. அதனை உள்ளவாறு எழுதிவிடுமாறு எம் பௌதிகத் துறை நண்பர் பன்முறை வற்புறுத்தினார். அவர்க்கு மறுப்புரைக்கும் நிலையில் யாம் இல்லை என்பது மேலே செல்லச் செல்ல விளங்கும்.

எம்மிடம் உள்ள வண்டி, எம் தந்தையார் 1986-ஆம் ஆண்டில் வாங்கிய புல்லட். ஒற்றை உருளையும் 350 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. இவ்வண்டியின் பூர்விகம் இங்கிலாந்திலுள்ள ரெடிச் நகரம். ஊசி செய்யுந் தொழிலுக்குப் பெயர்பெற்ற அவ்வூரிலே பிறந்த வண்டி, 1955-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்தியக் கம்பெனியின் வாயிலாகத் திருவொற்றியூர்ப் பட்டறைக்கு வந்து, நம் நாட்டிலே உள்ளூர்ச் சரக்காகவே மாறிவிட்டது. தந்தையார் மறைந்தபின் அஃது எமக்கு உரிமையாயிற்று. அதனைத் துடைத்து வைக்க அறிவோமேயன்றி, அதன் உள்ளியல்பினை யாம் அறியோம். பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் வரை மாதம் இருமுறை செல்வது வழக்கம். எம் தமையனார் இல்லம் அங்குளது.

பழைய சங்கிலி 22,000 கிலோமீட்டர் ஓடிக் களைத்திருந்தது. சங்கிலி நீண்டுவிட்டது என்று யாவரும் கூறுவர். உண்மையில் இரும்பு நீளுவதில்லை. கண்ணிகளைப் பிணைக்கும் ஊசிகளும், அவற்றைச் சூழ்ந்த குழல்களும் தேய்கின்றன. ஒவ்வோரிடத்தும் மயிரிழையளவு தேய, அவையெல்லாம் கூடிச் சங்கிலி நீண்டதுபோல் ஆகின்றது. இன்று நாம் காணும் உருளைச் சங்கிலியை 1880-இல் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்டு என்பார் அமைத்தார். அவர் செய்த அமைப்பின் சிறப்பே, உராய்வினைச் சிறிய முனையொன்றில் குவிக்காது, குழலின் நீளம் முழுதும் பரப்பியதுதான். எம் சங்கிலியின் ஒரு கண்ணி அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, அஃதாவது 15.875 மில்லிமீட்டர். ஆகவே 20 கண்ணிகள் 317.5 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். பட்டறைப் பெரியவர் அளவுகோலை வைத்துக் காட்டியபோது 325 இருந்தது. நூற்றுக்கு இரண்டு பங்கிற்கு மேல் தேய்ந்த சங்கிலியை வைத்திருத்தல் ஆகாது என்றார்.

பட்டறைப் பெரியவர் என்றோமே, அவர் எழுபதை எட்டியவர். தந்தையார் காலந்தொட்டே இவ்வண்டியை அறிந்தவர். யாம் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பது. "சங்கிலியை மட்டும் மாற்றினால் போதாது, ஐயா. பற்சக்கரம் இரண்டையும் மாற்ற வேண்டும்," என்று அவர் கூறிப் பற்களைக் காட்டினார். அவை ஒருபுறம் சாய்ந்து கொக்கி போல் வளைந்திருந்தன. தேய்ந்த பல்லில் புதுச் சங்கிலி பொருந்தாது, சில ஆயிரம் கிலோமீட்டரில் அதுவும் பழையதாகிவிடும் என்பது அவர் கருத்து. இவ்வண்டியில் பின்புறப் பற்சக்கரம் பிரேக் டிரம்மோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருத்தலின் செலவு மிகுதி. யாம் சிறிது தயங்கி, பின்னர் இசைந்தோம்.

வேலை முடிந்து வண்டியைப் பெற்ற மாலையிலே அவர் ஒன்று சொன்னார். "சங்கிலி கொஞ்சம் தொய்வாகத்தான் தோன்றும், ஐயா. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினபின் கொண்டுவாருங்கள், நானே சரி பார்க்கிறேன். அதுவரைக்கும் கை வைக்க வேண்டாம்." யாம் தலையசைத்து வந்தோம். அதற்கு மறுநாட் காலையில் நிகழ்ந்ததொன்றைச் சொல்லுதற்கு இன்னும் இடம் வரவில்லை.

நிற்க. அடுத்த சனிக்கிழமை எம் தம்பியைப் பின்னே ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் புறப்பட்டோம். நாங்குநேரி அணுகும்போதே வண்டியின் போக்கில் ஏதோ வேறுபாடு தோன்றிற்று. கால்வைக்கும் படிகளிலும் இருக்கையிலும் ஒருவித அதிர்ச்சி வந்தது. ஒற்றை உருளை வண்டியின் இயற்கையான நடுக்கத்தினை யாம் நன்கு அறிவோம். அது கைக்குப் பழகிய நடுக்கம். முதியவர் ஒருவர் பேசும்போது தலை அசைவது போன்றது. இஃதோ வேறு. யாரோ பின்னாலிருந்து தாளந் தவறாமல் தட்டுவது போலிருந்தது. விரைவு கூட்டினால் தாளமும் விரைந்தது. அன்றியும் ஹாண்டிலைச் சற்றே இடப்பக்கம் திருப்பிப் பிடித்தாலன்றி வண்டி நேரே செல்ல மறுத்தது.

வள்ளியூரைக் கடந்து காவல்கிணறு நோக்கிச் செல்லுங்கால் ஆடிக்காற்று வீசத் தொடங்கிற்று. முப்பந்தல் கணவாய்க் காற்றின் வேகத்தை அவ்வழிப் போவோர் யாவரும் அறிவர். வரிசை வரிசையாக அங்கு நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சான்று. மேற்கிலிருந்து எமக்கு வலப்புறமாக வந்த அக்காற்றே வண்டியைச் சாய்க்கின்றது என்று எண்ணி மனத்தைத் தேற்றிக்கொண்டோம். அச்சமயம் ஒரு பேருந்து எம்மைக் கடந்து முன்னே சென்றது. அது மறைத்திருந்த காற்று ஒருங்கே வந்து தாக்க, வண்டி இருமுறை பாம்பு போல் நெளிந்தது. தம்பி எம் தோளை இறுகப் பற்றினான். யாதும் நேரவில்லை. ஆயினும் நாகர்கோவில் சேர்ந்து இறங்கியதும் அவன் தலைக்கவசத்தைக் கழற்றி எம் கையில் கொடுத்து, "திரும்பும்போது நான் பஸ்ஸிலே வருகிறேன், அண்ணே," என்று மெல்லக் கூறினான். அச்சொல் எம்மைச் சுட்டது.

சங்கிலி மாற்றுதற்கு முன் வண்டி நன்றாயிருந்தது. மாற்றிய பின் கெட்டது. ஆதலின் மாற்றியவரே கெடுத்தார். இவ்வாறு முடிவு செய்ய எமக்கு ஒரு நாழிகையும் தேவைப்படவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை வகுப்பிலே விளக்குகின்ற யாமே, காக்கையைப் பிடித்து நிறுத்திக் குற்றஞ் சாட்டினோம். அதுவும் மனத்தளவில் நில்லாது, திங்கட்கிழமை ஆசிரியர் அறையிலே நால்வர் கேட்க, "அண்ணாச்சிக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, வேலை முன்போல் இல்லை," என்று கூறினோம். எமக்கு அடுத்த இருக்கையில் அமர்ந்திருந்த ஆசிரியர் தம் வண்டியை அந்த வாரமே அவரிடம் விடுவதாக இருந்தவர். கேட்டுத் தலையசைத்துக்கொண்டார்.

பின்னர் வேறொரு பட்டறைக்குச் சென்றோம். பெரிய பட்டறை; இளைஞர் பலர் வேலை செய்தனர். வண்டி ஒருபுறம் இழுக்கின்றது என்றதும், ஹாண்டிலின் கோன் செட் போயிற்று என்று கூறி, அதனை மாற்றினர். முன் சக்கரத்தில் கோட்டம் எடுத்தனர். கம்பிகளை இறுக்கினர். 1,400 ரூபாய் கொடுத்து வந்தோம். அதிர்ச்சியும் நெளிவும் வைத்தது வைத்தபடியே இருந்தன. அவர்களையும் குறை கூறுதற்கில்லை. யாம் முன்புறத்தைச் சுட்டிக்காட்டி முறையிட்டோம், அவர்கள் முன்புறத்தைப் பழுது பார்த்தார்கள்.

எம் பௌதிக நண்பர் இவ்வேளையில் வந்து சேர்ந்தார். அவர் வண்டியைத் தொடுமுன் எம்மை ஒன்றுங் கேட்கவில்லை. "தமிழய்யா, நீங்கள் எதனை மாற்றினீர்கள், யார் மாற்றினார்கள் என்பதெல்லாம் பிறகு ஆகட்டும். முதலில் வண்டியைக் கேட்போம்," என்றார். அவர் வண்டியைக் கேட்ட முறை எமக்குப் பெரிதும் வியப்பளித்தமையின் அதனைச் சிறிது விரித்துரைப்போம்.

நடுக்கம் என்பது ஒன்றன்று. இயந்திரத்தின் சுழற்சியைப் பின்பற்றும் நடுக்கம் ஒரு ஜாதி, சக்கரத்தின் சுழற்சியைப் பின்பற்றும் நடுக்கம் மற்றொரு ஜாதி. இரண்டையும் முதலிற் பிரிக்காமல் திருகுகளைத் தொடுவது வீண். அவர் வண்டியை நிறுத்தி, கியரில்லாமல் இயந்திரத்தை மட்டும் வேகமாக ஓட்டினார். பழைய பழகிய நடுக்கமேயன்றிப் புதிது யாதும் இல்லை. ஆகவே இயந்திரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்தனவல்ல. அடுத்து, ஆளில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில் கிளச்சினைப் பிடித்து, இயந்திரத்தின் தொடர்பை அறுத்துவிட்டு வண்டியைத் தன் போக்கில் ஓடவிட்டார். இயந்திரம் அடங்கிற்று, தட்டல் அடங்கவில்லை. வண்டி தளரத் தளரத் தட்டலும் தளர்ந்தது. மூன்றாவது கியரிலும் நான்காவது கியரிலும் ஒரே வேகத்திற் சென்றும் பார்த்தார். இயந்திரத்தின் சுழற்சி மாறிற்று, தட்டலின் எண்ணிக்கை மாறவில்லை. கிளச்சிற்கு அப்பால், பின் சக்கரத்தின் பக்கமாகவே குற்றம் உளது என்பது கால் மணி நேரத்திற்குள் தெளிவாயிற்று.

அதன்மேலும் அவர் விடவில்லை. சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லின் நொடிக்கு இருமுறை சுற்றும். அவ்வேகத்தில் எம்மை ஓட்டச் செய்து, தாம் பின்னே அமர்ந்து கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினார். பத்து நொடியில் இருபது தட்டல். சக்கரம் ஒருமுறை சுற்ற ஒரு தட்டல் என்பது கணக்கு. சங்கிலியின் கண்ணியொன்று இறுகிப் போயிருந்தால் அது வேறு கணக்காகும். எம் வண்டிச் சங்கிலியில் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகள். பின்புறப் பற்சக்கரத்தில் 38 பற்கள். ஆகவே சங்கிலி ஒருமுறை முழுதும் வலம்வரச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரை முறை சுற்ற வேண்டும். கண்ணியின் குற்றமாயின் இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை தட்டும். எம் தட்டல் அவ்வகையன்று.

ஈண்டு ஒன்றை இடையே சொல்லிச் செல்கின்றோம். குற்றமே இல்லாத சங்கிலியும் சிறிது அதிரும். பற்சக்கரம் வட்டமாகத் தோன்றினும், சங்கிலி அதன்மேல் பல கோணமாகவே படிகின்றது. அதனால் சங்கிலியின் ஓட்டம் பல்லுக்குப் பல் சிறிது ஏறியும் இறங்கியும் வரும். முன்புறச் சக்கரத்தில் 16 பற்கள் இருப்பின் அவ்வேறுபாடு நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கு. 11 பற்களே இருப்பின் 4 பங்கு. சிறு பற்சக்கரம் ஆகாது என்று மூத்த மெக்கானிக்குகள் கூறுவதன் மருமம் இதுவே. ஆனால் இவ்வதிர்ச்சி 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு முந்நூறு முறை நிகழ்வது. காதிற்கு இரைச்சலாகக் கேட்குமேயன்றி இருக்கையில் தட்டாது. புதுச் சங்கிலியின் இரைச்சலைக் கேட்டு அஞ்சுவோர் இதனை நினைவிற் கொள்ளலாம்.

இனி, ஒருபுறம் இழுத்தலைப் பற்றி ஆராய்ந்தார். யாம் காற்றின்மேற் பழி போட்டதைக் கேட்டு நகைத்து, "போகும்போது மேல்காற்று உங்களுக்கு வலப்புறம். திரும்பும்போது?" என்றார். இடப்புறம். அங்ஙனமாயின் ஹாண்டிலைத் திருப்பும் பக்கமும் மாறியிருத்தல் வேண்டுமன்றோ? மாறவில்லை, போகும்போதும் இடம், வரும்போதும் இடம். காற்று விடுதலை பெற்றது. சாலை இடப்புறம் சரிந்திருப்பது காரணமாகலாமே என்றோம். அது போக்குவரவு இரண்டிலும் ஒரேவிதமாகத்தான் இருக்கும். ஆதலின் அவ்வாராய்ச்சிக்கு அக்கணக்கு உதவாது. மறுநாள் விடியலில் கல்லூரி மைதானத்தின் சமனான நிலத்தில் வண்டியை ஓட்டினோம். அங்கும் அவ்வாறே. பின்னர் விடுதியின் அருகே சிமெண்டுத் தளத்தின் ஓரத்தில் இரண்டு வாளி நீரைக் கொட்டி, அதன் வழியே நேராக ஓட்டி, உலர்ந்த தளத்தில் பதிந்த ஈரத்தடத்தை நோக்கினோம். ஒரே தடமாக இருக்க வேண்டுவது இரு தடமாக இருந்தது. பின் சக்கரத்தின் தடம் முன் சக்கரத்தின் தடத்தினும் ஒரு விரலகலம் இடப்புறம் விலகிச் சென்றது. எம் தந்தையாரின் வண்டி நண்டுபோல் நடந்துகொண்டிருந்ததை யாம் கண்ணாரக் கண்டோம்.

நண்பர் தளத்திலே சப்பணமிட்டு அமர்ந்து, நூல் ஒன்றைப் பின் டயரோடு ஒட்டி முன்னே நீட்டிப் பிடித்து அளந்தார். அச்சின் இடமுனை வலமுனையினும் 2 மில்லிமீட்டர் பின்னே இருந்தது. இரண்டு மில்லிமீட்டர் யாது பெரிது எனத் தோன்றும். அச்சினைத் தாங்கும் இரு கைகளும் ஒன்றற்கொன்று 200 மில்லிமீட்டர் தூரத்தில் உள்ளன. ஆகவே சாய்வு நூற்றில் ஒன்று. முன் சக்கரம் அங்கிருந்து ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் தூரம். அங்கே அச்சாய்வு 14 மில்லிமீட்டராக வளர்ந்துவிடுகின்றது. விரலகலத்தின் கணக்கு அதுவே.

நண்பர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, அப்பொழுதுதான் தம் முதல் வினாவைக் கேட்டார். "தமிழய்யா, சங்கிலி மாற்றிய பிறகு பின் சக்கரத்தின் நட்டை யாராவது தொட்டதுண்டா?"

யாம் உடனே விடையிறுக்கவில்லை.

மேலே சொல்லாது விட்ட மறுநாட் காலையை இப்பொழுது சொல்ல வேண்டியதாயிற்று. அன்று வண்டியைத் துடைக்கையில் சங்கிலி தொய்ந்திருப்பது எம் கண்ணிற் பட்டது. புதுச் சங்கிலி தொய்ந்திருக்கலாமோ என்று மனம் உறுத்திற்று. வண்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தோம். 25 மில்லிமீட்டர் தொய்வு போதும் என்றிருந்தது. அளவுகோலை வைத்தோம், 38 இருந்தது. அண்ணாச்சி அஜாக்கிரதையாக விட்டுவிட்டார் என்று கருதி, யாமே நட்டுகளைத் தளர்த்தி, நத்தை ஓடு போல் சுருண்டிருக்கும் செயின் அட்ஜஸ்டரை இடப்புறம் ஒரு பல் திருப்பினோம். சங்கிலி 25-க்கு வந்தது. மகிழ்ந்து நட்டுகளை இறுக்கினோம். வலப்புறத்து அட்ஜஸ்டர் அதற்குள் தன் முளையினின்று நழுவி, அச்சின் அம்முனை முன்னே சென்றதனை யாம் நோக்கவே இல்லை. சங்கிலி இருப்பது இடப்புறம். வலப்புறத்தில் பார்ப்பதற்கு யாது உளது என்பது எம் எண்ணம். கால் மணி நேர வேலை. அதனை ஒரு பொருட்டாகவே கருதாமையால் மறந்தும்விட்டோம். மறந்தோம் என்று எழுதுகின்றோம்; அண்ணாச்சியைப் பற்றி ஆசிரியர் அறையில் பேசும்போது அஃது ஒருமுறை நினைவில் எழுந்ததும், அதனை யாம் அடக்கியதும் எம் நெஞ்சறியும்.

நண்பர் எம்மை இகழவில்லை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றச் செய்தார். சங்கிலி ஓரிடத்தில் தொய்ந்தும், அரைச்சுற்றுச் சென்றபின் வில்லின் நாண் போல் விறைத்தும் நின்றது. விறைத்த இடத்தில் விரலால் தட்டினால் ஒலித்தது. பற்சக்கரம் எத்துணைச் செவ்வையாகச் செய்யப்பட்டாலும், அதன் மையமும் சக்கரத்தின் மையமும் மயிரிழையளவு விலகியிருத்தல் இயல்பு. அதனால் ஒரு சுற்றுக்குள்ளேயே சங்கிலி ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். தொய்வினை அளக்க வேண்டுவது இறுகும் இடத்தில். அண்ணாச்சி அங்கேதான் 25 வைத்திருக்கிறார். தளர்ந்த இடத்தில் அது 38 ஆகத் தோன்றும். யாம் அளவுகோலை வைத்தது தளர்ந்த இடத்தில். கையேட்டின் எண் சரியே, வைத்த இடந்தான் பிழை. அச்சு அரை மில்லிமீட்டருங்கூடப் பின்செல்லவில்லை. அதற்குள் இறுகும் இடத்துத் தொய்வு முழுதும் போய்விட்டது.

இன்னும் ஒன்றுண்டு. வண்டி ஸ்டாண்டில் நிற்கையில் பின் சக்கரம் கீழே தொங்குகின்றது. ஆள் ஏறி அமர, சக்கரத்தைத் தாங்கும் கை மேலெழுகின்றது. முன் பற்சக்கரமும், கையின் கீலும், பின் அச்சும் ஒரே நேர்க்கோட்டில் வரும்போது சங்கிலி கடக்க வேண்டிய தூரம் மிகப் பெரிதாகின்றது. 1949-இல் இவ்வண்டிக்கு அசையும் பின்கை அமைத்து விற்கத் தொடங்கினர். முதுகுவலியிலிருந்து பலரைக் காத்த அவ்வமைப்பே சங்கிலிக்குத் தொய்வினை இன்றியமையாததாக்கிற்று. ஒருவர் அமர்ந்தாலே விறைக்கும் சங்கிலியில் யாம் தம்பியையும் ஏற்றிச் சென்றோம். மேடு பள்ளம் வருந்தோறும் பின்கை மேலெழ முயலும். சங்கிலி அதனைப் பிடித்து நிறுத்தும். சுற்றுக்கு ஒருமுறை வந்த தட்டல் அதுவே. மேலும் சில நூறு கிலோமீட்டர் சென்றிருப்பின் கியர்ப்பெட்டியின் பேரிங் சிதைந்திருக்கலாம், அன்றேல் சங்கிலி அறுந்து சக்கரத்திற் சிக்கியிருக்கலாம் என்று நண்பர் கூறினார். நெடுஞ்சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் பின்சக்கரம் சிக்கிக்கொள்வது என்னவென்று யாம் கேட்கவில்லை. தம்பியின் கை எம் தோளைப் பற்றியதே நினைவுக்கு வந்தது.

அன்று மாலையே வண்டியைத் தள்ளிக்கொண்டு அண்ணாச்சியின் பட்டறைக்குச் சென்றோம். ஓட்டிச் செல்லத் துணிவில்லை. அவர் குந்தி அமர்ந்து, சக்கரத்தை ஒருமுறை சுற்றி, வலப்புற அட்ஜஸ்டரைப் பார்த்தார். பின்னர் எம்மைப் பார்த்தார். "கை வைத்தீர்களா, ஐயா?" என்றார். வைத்தோம் என்றோம். அதனோடு, ஆசிரியர் அறையில் அவரைப் பற்றிச் சொன்னதையும் சொன்னோம். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பையனைக் கூப்பிட்டு ரீப்பர்க் கட்டை இரண்டினைக் கொணரச் செய்தார்.

அட்ஜஸ்டரின் பற்களை எண்ணி இருபுறமும் சமன் என்று கொள்வது போதாது என்பதை அன்று கண்டோம். அச்சட்டமும் தட்டும் செய்யப்பட்ட செவ்வை அவ்வளவே. அவர் நேரான இரு கட்டைகளைப் பின் டயரின் இருபுறமும் ஒட்டி, முன் டயர் வரை நீட்டிவைத்தார். முன் டயர் பின்னதினும் ஒடுங்கியதாகலின் கட்டைக்கும் அதற்கும் இடையே இருபுறமும் சந்து விழும். அவ்விரு சந்தும் ஒத்திருக்கும் வரை அச்சினை முன்னும் பின்னும் தட்டினார். அதன்பின் எம்மை வண்டிமேல் அமரச் சொல்லி, இறுகும் இடத்தைத் தேடி, அங்கே சங்கிலியை விரலால் தூக்கிப் பார்த்தார். அளவுகோலை அவர் எடுக்கவில்லை. செயின் லாக்கின் மூடிய முனை ஓடும் திசையை நோக்கி இருப்பதையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். நட்டை இறுக்கியபின் மறுபடியும் கட்டையை வைத்தார். இறுக்கும்போதும் அச்சு நகர்ந்துவிடும் என்றார். கண் பார்வை மங்கியவர் செய்யும் வேலையாக எமக்கு அது தோன்றவில்லை.

கூலி எவ்வளவு என்றோம். 100 ரூபாய் என்றார். அதற்கு மேல் நீட்டியதை வாங்கவில்லை. புறப்படுகையில் பெயிண்டுக் குச்சியொன்றை எடுத்து, சங்கிலி இறுகும் இடத்துக்கு நேரே சக்கரத்தின் விளிம்பில் வெள்ளைப் புள்ளியொன்று வைத்தார். "இனிமேல் பார்ப்பதாயிருந்தால் இந்தப் புள்ளி கீழே நிற்கும்போது பாருங்கள், ஐயா," என்றார்.

தட்டல் நின்றது. ஹாண்டில் நேராயிற்று. ஆவணித் திங்களில் தம்பி மீண்டும் பின்னே அமர்ந்து நாகர்கோவில் வரை வந்தான்; காவல்கிணறு கடந்தபோது அவன் கை எம் தோளில் இல்லை. ஆசிரியர் அறையில், முன்பு கேட்ட நால்வரையும் வைத்து, நடந்ததனைத்தும் கூறினோம். மூவர் நகைத்தனர். எம் அடுத்த இருக்கை ஆசிரியர் மட்டும், "அப்படியா?" என்றார். அவருடைய வண்டி இன்றும் அந்தப் பெரிய பட்டறைக்கே செல்கின்றது. வெள்ளைப் புள்ளி எண்ணெயிலும் புழுதியிலும் மங்குந்தோறும் யாம் புதுப்பித்து வருகின்றோம்.